வாய்க்கால் குறுக்கிடும் ஊரில் ஜியோகேச்சிங்: எந்த ஜிபிஎஸ் வாங்கலாம்?

ஒளித்து வைத்த டப்பாவை ஜிபிஎஸ் துணையோடு தேடும் ஜியோகேச்சிங் விளையாட்டைப் பழக விரும்புகிறவர்கள் கருவி வாங்கும்போது முதலில் விசாரிப்பது துல்லியத்தைத்தான். எத்தனை மீட்டர் வரை சரியாகக் காட்டும்? காவிரிப் படுகையில் இருப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். முக்கொம்பில் தொடங்கிக் கடற்கரை வரை நம் நிலம் தட்டை. மலை மறைப்பதில்லை, வானளாவும் கட்டடங்கள் சூழ்ந்து நிற்பதில்லை. வயல் வரப்பில் நின்றால் நான்கு பக்கமும் வானம் திறந்து கிடக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் விலை குறைந்த கருவிக்கும் விலை கூடிய கருவிக்கும் உள்ள வித்தியாசம் சில அடிகள்தான். நம்மை அலைக்கழிப்பவை வேறு: நடுப்பகல் வெயில், ஐப்பசி அடைமழை, எல்லாவற்றுக்கும் மேலாகக் குறுக்கே ஓடும் தண்ணீர். இந்த மூன்றையும் சமாளிக்கும் கருவிக்குத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

விளையாட்டு தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். ஜிபிஎஸ் சமிக்ஞையில் பொதுமக்களுக்காக வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. உடனே, மே 3 அன்று, ஆரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியில் சில பொருட்களைப் போட்டு ஒளித்து வைத்துவிட்டு, அது இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிட்டார். மற்றவர்கள் தேடிப் போய்க் கண்டுபிடித்தார்கள். இன்றும் விளையாட்டு அதுதான். யாரோ ஒரு டப்பாவை ஒளித்து வைப்பார்; நீங்கள் எண்களைப் பின்பற்றிப் போய், உள்ளே இருக்கும் குறிப்பேட்டில் பெயர் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வர வேண்டும். டப்பாவே இல்லாத வகைகளும் உண்டு. ஓர் இடத்தின் மண்ணையும் பாறையையும் பார்த்துக் கேள்விகளுக்கு விடை சொல்லும் எர்த்கேச் அவற்றில் ஒன்று.

பணம் செலவழிக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. ஜியோகேச்சிங் தளத்தில் இலவசக் கணக்குத் தொடங்கி, உங்கள் ஊரிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் என்னென்ன டப்பாக்கள் இருக்கின்றன என்று வரைபடத்தில் பாருங்கள். ஐரோப்பிய நகரங்களைப் போலத் தெருவுக்குத் தெரு இங்கே கிடைக்காது. பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில் நான்கைந்து இடங்களாவது தென்பட்டு, அவற்றில் இரண்டையாவது அலைபேசியை வைத்தே தேடிப் பார்த்த பிறகு தனிக் கருவியைப் பற்றி யோசிப்பதே நியாயம்.

ஆகவே ஒப்பீட்டில் முதல் போட்டியாளர் உங்கள் சட்டைப்பையில் இருக்கும் அலைபேசிதான். திறந்த வெளியில் அலைபேசியின் ஜிபிஎஸ் பொதுவாக 4.9 மீட்டர் ஆரத்துக்குள் இடத்தைக் காட்டும் என்று அமெரிக்க அரசின் ஜிபிஎஸ் தளமே சொல்கிறது. டப்பாவை ஒளித்தவரின் கருவியிலும் இதே அளவு பிழை இருந்திருக்கும் என்பதால், எந்தக் கருவியோடு போனாலும் கடைசியில் கண்ணால்தான் தேடியாக வேண்டும். ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களுக்கு சி:ஜியோ என்ற இலவசச் செயலி பெரிய வரம். டப்பாக்களின் விவரங்களை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால், சிக்னல் கிடைக்காத படுகையிலும் வேலை செய்யும். ஆஸ்மேண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்றவற்றில் தமிழ்நாட்டு வரைபடத்தை முன்பே சேமித்துக்கொள்ளலாம். ஜிபிஎஸ்டெஸ்ட் என்ற செயலியை நிறுவினால் உங்கள் அலைபேசி எந்தெந்தச் செயற்கைக்கோள்களைக் கேட்கிறது, நம் நாட்டு நாவிக் அவற்றில் உண்டா, இரண்டு அலைவரிசைகளில் கேட்கும் திறன் உண்டா என்பதெல்லாம் தெரிந்துவிடும். இரட்டை அலைவரிசை இருந்தால் மூங்கில் புதருக்கடியிலும் கோயில் மதிலோரத்திலும் அம்புக்குறி குறைவாகத் தாவும். 2018-க்குப் பிறகு இந்த வசதி அலைபேசிகளில் வரத் தொடங்கியது. இன்று நடுத்தர விலையிலேயே கிடைக்கிறது.

அப்படியானால் தனிக் கருவி எதற்கு? சித்திரை வெயிலில் மன்னார்குடிப் பக்கம் ஒரு தரிசு வயலில் நின்று அலைபேசித் திரையைப் பாருங்கள். வெளிச்சத்தை முழுதாகக் கூட்டினாலும் திரை கறுத்துத்தான் தெரியும். சற்று நேரத்தில் அலைபேசி சூடேறித் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். உள்ளங்கையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, வியர்த்த விரலால் திரையைத் தேய்த்துக்கொண்டு, வரப்பில் வழுக்காமல் நடக்க வேண்டும். ஜிபிஎஸ் தொடர்ந்து ஓடுவதால் மதியத்துக்குள் சார்ஜ் பாதிக்கு வந்துவிடும். வீடு திரும்ப பஸ் நேரம் பார்க்கவும், வீட்டுக்குத் தகவல் சொல்லவும் அதே அலைபேசிதான் வேண்டும். தனிக் கருவிகளின் திரை சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பி, அதிலேயே எழுத்தைக் காட்டும் வகை. வெயில் ஏற ஏறத் தெளிவாகத் தெரியும். பொத்தான்களை ஈரக் கையாலும் அழுத்தலாம். இந்த இரண்டு காரணங்களே தனிக் கருவிக்குப் போதுமானவை.

கையடக்க ஜிபிஎஸ்ஸில் தொடக்கநிலையாளருக்கு ஏற்ற விலையில் கார்மின் நிறுவனத்தின் ஈட்ரெக்ஸ் வரிசையை விட்டால் பெரிய தேர்வு இல்லை. அதில் மூன்றைத்தான் பேச வேண்டும்.

ஈட்ரெக்ஸ் 10 பழையது. 2011-இல் வந்தது. கறுப்பு வெள்ளைத் திரை, இரண்டு பென்சில் செல், 20 மணி நேரம் ஓடும். அமெரிக்காவின் ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ் செயற்கைக்கோள்களையும் கேட்கும். தெருவும் வாய்க்காலும் தெரியும் வரைபடத்தை இதில் ஏற்ற வழியில்லை. ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் 2019-இல் வந்தது. வண்ணத்திரை, 25 மணி நேரம், மைக்ரோ எஸ்டி அட்டை போடும் இடம், 8 ஜிபி உள்நினைவகம். ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை இலவசமாக இறக்கி ஏற்றிக்கொள்ளலாம். ஈட்ரெக்ஸ் எஸ்இ 2023-இல் வந்தது. மீண்டும் கறுப்பு வெள்ளை, வரைபடம் இல்லை. ஆனால் அதே இரண்டு பென்சில் செல்லில் 168 மணி நேரம் ஓடும் என்பது நிறுவனத்தின் கணக்கு. ஜிபிஎஸ், குளோனாஸுடன் ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்தோவையும் கேட்கும். ப்ளூடூத் வழியாக அலைபேசியோடு இணைத்தால் டப்பாவின் விவரமும் குறிப்பும் கருவிக்கே வந்துவிடும். அமெரிக்காவில் அறிமுகமானபோது எஸ்இ 149.99 டாலர், 22எக்ஸ் 199.99 டாலர். இங்கே வரும்போது சுங்கமும் வரியும் சேரும். ஆனாலும் இரண்டுக்கும் இடையே உள்ள ஏற்றத்தாழ்வைப் புரிந்துகொள்ள இந்த எண்கள் உதவும்.

மேலோட்டமாகப் பார்த்தால் வரைபடம் உள்ள 22எக்ஸ்தான் வெல்ல வேண்டும் என்று தோன்றும். நம் ஊரில் அந்த வாதத்துக்கு வலு அதிகம். ஏனென்றால் வெறும் அம்புக்குறி காக்கை பறக்கும் நேர்கோட்டைத்தான் காட்டும். தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் போகும் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிறிய தூரத்துக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்தைக் கடக்கிறோம். டப்பா 120 மீட்டரில் இருக்கிறது என்று கருவி காட்டும். நீங்கள் நிற்பது தென்கரை, டப்பா இருப்பது வடகரை. பாலத்துக்கு நடந்து, கடந்து, மறுகரையில் அதே தூரம் திரும்பி வர வேண்டும். கொள்ளிடத்தில் இது நடந்தால் அன்றைய பொழுது போயிற்று. எந்தக் கரையில் இறங்க வேண்டும் என்பதைப் பஸ் டிக்கெட் எடுக்கும்போதே தெரிந்துவைத்திருப்பதுதான் டெல்டாவில் ஜியோகேச்சிங்கின் முதல் பாடம்.

தண்ணீருக்குப் பருவம் உண்டு என்பதை வரைபடமும் அறியாது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறப்பார்கள். அதற்கு முன் பல கிளை வாய்க்கால்களில் மணல்தான் இருக்கும். குறுக்கே இறங்கி நடந்துவிடலாம். முறைத் தண்ணீர் வந்துவிட்டால் அதே இடம் இடுப்பளவோ, ஆளை இழுக்கும் அளவோ ஆகிவிடும். கோடையில் ஒருவர் எழுதிவைத்த வழிக்குறிப்பை ஆடியில் படித்துவிட்டு இறங்கினால் ஆபத்து. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பைத் தன்னார்வலர்கள் வரைகிறார்கள். ஆறுகளும் பெரிய வாய்க்கால்களும் அதில் இருக்கும். கன்னி வாய்க்காலும், தென்னை மரத்தைக் குறுக்கே போட்ட நடைபாலமும் எல்லா ஊரிலும் இருக்காது. தெரிந்தவர்கள் சேர்த்துவிடலாம். உங்கள் ஊர் மதகையும் நடைபாலத்தையும் நீங்களே குறித்துவைத்தால் அடுத்து வருகிறவர் ஆற்றில் இறங்க வேண்டியிருக்காது. இதைச் செய்யுங்கள் என்று உரிமையோடு கேட்கிறேன்.

இவ்வளவு சொல்லிவிட்டும் நான் எஸ்இ-யையே பரிந்துரைக்கிறேன். காரணம், வரைபடம் தேவைப்படுவது கரையைத் தேர்ந்தெடுக்கும் வரைதான். அந்த வேலையை அலைபேசியின் பெரிய திரை, 22எக்ஸின் 2.2 அங்குலத் திரையைவிடப் பல மடங்கு நன்றாகச் செய்கிறது. பஸ்ஸிலோ டீக்கடை நிழலிலோ உட்கார்ந்து அலைபேசியில் வழியைப் பார்த்துக்கொண்டு, அதை மூடிப் பையில் போட்டுவிட்டு, வெயிலில் இறங்கும்போது கருவியைக் கையில் எடுக்கலாம். அப்போது கருவியிடம் நாம் கேட்பது திசையும் தூரமும் மட்டுமே. அதில் எஸ்இ மற்ற இரண்டையும் மிஞ்சுகிறது.

டப்பாவை நெருங்கும் கடைசிப் பத்து மீட்டரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஈட்ரெக்ஸ் 10, 22எக்ஸ் இரண்டிலும் மின்னணுத் திசைகாட்டி கிடையாது. நீங்கள் நடக்கும்போது, முந்தைய இடத்தையும் இப்போதைய இடத்தையும் ஒப்பிட்டுத்தான் அவை எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று கணிக்கின்றன. நின்றுவிட்டால் திசை தெரியாது. ஒரு பழைய மதகின் செங்கல் சுவரருகே நிற்கிறீர்கள் என்று வையுங்கள். தூரம் 7 மீட்டர் என்கிறது. அம்பு ஆற்றைக் காட்டுகிறது. உடம்பைத் திருப்பினால் அம்பும் கூடவே வந்து, பிறகு காரணமில்லாமல் பின்பக்கம் புரள்கிறது. இதற்கு ஒரே மருந்து, இருபது அடி பின்னால் போய், நேராக, சீராக நடந்து வருவது. வரப்பிலும் கரையிலும் அப்படி நடக்க இடம் கிடைக்கும்; மூங்கில் முள்ளுக்குள் கிடைக்காது. எஸ்இ-யில் திசைகாட்டி உள்ளேயே இருப்பதால் அசையாமல் நின்றாலும் அம்பு சரியான பக்கம் நிற்கும். காற்றில் எட்டு வரைவதுபோல் கருவியைச் சுழற்றி அவ்வப்போது திசைகாட்டியைச் சீராக்கினால் போதும். இரும்பு ஷட்டர் உள்ள மதகருகே மட்டும் அதை நம்ப வேண்டாம். இரும்பு திசைகாட்டியைக் குழப்பும். 22எக்ஸுக்கு அண்ணனான 32எக்ஸில் திசைகாட்டியும் வரைபடமும் சேர்ந்தே இருக்கின்றன. கையில் பணம் இருந்து, அலைபேசியைத் தொடவே விருப்பமில்லை என்பவர்கள் அதைப் பார்க்கலாம்.

எந்தக் கருவி வாங்கினாலும் எண்களின் வடிவத்தைப் புரிந்துகொள்ளாமல் வெளியே போகாதீர்கள். ஜியோகேச்சிங்கில் பாகையும் தசம நிமிடமும் பயன்படுத்துவார்கள். அலைபேசி வரைபடங்கள் பெரும்பாலும் தசமப் பாகையாகக் காட்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் தீர்க்கரேகை தசமப் பாகையில் சுமார் 79.1318. அதை நிமிடமாக்க, புள்ளிக்குப் பின்னால் உள்ளதை 60-ஆல் பெருக்க வேண்டும்: 79 பாகை 7.908 நிமிடம். பெருக்காமல் 79 பாகை 13.18 நிமிடம் என்று அப்படியே அடித்துவிட்டால் கருவி உங்களைக் கோயிலுக்குக் கிழக்கே சுமார் ஒன்பதரை கிலோமீட்டர் தள்ளி, யாருடைய வயலிலோ கொண்டுபோய் நிறுத்தும். நிமிடத்தின் மூன்றாம் தசம இடத்தில் ஓர் எண் மாறினால் நம் பகுதியில் ஏறக்குறைய 1.8 மீட்டர் நகரும். கருவியின் அமைப்பில் டபிள்யூஜிஎஸ் 84 என்ற புவி அளவீட்டு அடிப்படை தேர்வாகி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி விஷயத்தில் எஸ்இ-யின் 168 மணி நேரத்தை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. பென்சில் செல் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் என்பதும் உண்மை. ஆனால் சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் மலிவான செல் ஜிபிஎஸ்ஸில் சீக்கிரமே படுத்துவிடும். உள்ளேயே விட்டால் கசிந்து முனைகளை அரிக்கும். அல்கலைன் செல்லையோ, திரும்பச் சார்ஜ் செய்யும் நிக்கல் செல்லையோ போட்டு, கருவியின் அமைப்பில் அந்த வகையைத் தேர்வு செய்யுங்கள். இல்லையென்றால் மீதமுள்ள அளவைத் தவறாகக் காட்டும்.

மழைக்கு மூன்றும் தாங்கும்; மூன்றுக்கும் ஐபிஎக்ஸ்7 தரம் உண்டு. ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் இருந்தாலும் உள்ளே நீர் புகாது என்று பொருள். ஆனால் ஈட்ரெக்ஸ் மிதக்காது. கரையில் குனிந்து தேடும்போது நழுவினால் சேற்றுக்குள் போய்விடும். மணிக்கட்டில் மாட்டும் கயிற்றைக் கருவியோடு சேர்த்தே வாங்குங்கள்.

பழைய கருவி வாங்க நினைப்பவர்களுக்கு ஈட்ரெக்ஸ் 10-ஐவிட, 22எக்ஸுக்கு முந்தைய மாடலான ஈட்ரெக்ஸ் 20 அல்லது 22எக்ஸ் நல்லது. நல்ல நிலையில் கிடைத்தால் தயங்க வேண்டாம். பேட்டரி அறையைத் திறந்து, முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா, மூடியின் ரப்பர் விரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றுக்குப் பழைய மினி யுஎஸ்பி கேபிள் வேண்டும். அதையும் கேட்டு வாங்குங்கள். அதற்கும் முந்தைய மஞ்சள் நிற ஈட்ரெக்ஸ் மிக மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். கணினியோடு இணைக்க சீரியல் கேபிள் தேவைப்படும். ஜிபிஎஸ்ஸின் வார எண்ணிக்கை 1024 வாரங்களுக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். 2019 ஏப்ரல் 6-இல் அப்படித் திரும்பிய பிறகு பல பழைய கருவிகள் தேதியைத் தப்பாகக் காட்டுகின்றன.

நாவிக் கேட்கும் கருவிதான் வேண்டும் என்று ஆசைப்படுவோர் உண்டு. இஸ்ரோவின் முதல் வழிகாட்டிச் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று ஏவப்பட்டதிலிருந்து அந்தப் பெருமிதம் எனக்கும் உண்டு. கார்மினின் ஜிபிஎஸ்மேப் 65 வரிசை நாவிக்கையும் இரட்டை அலைவரிசையையும் கேட்கும். விலை ஈட்ரெக்ஸைவிட வெகுதூரம் மேலே. விளையாட்டு பிடித்துப் போய், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டோரம் வரை போகத் தொடங்கிய பிறகு அதை யோசிக்கலாம்.

ஒன்றை மட்டும் வாங்கவே கூடாது. சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் சித்தப்பாவிடம் ‘நல்ல ஜிபிஎஸ் ஒன்று வாங்கி வாருங்கள்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால், அவர் அன்போடு இன்ரீச் கருவியை வாங்கி வந்துவிடக்கூடும். அது செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி. தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியில்லாமல் இந்தியாவில் அதை வைத்திருப்பது சட்டப்படி குற்றம். விமான நிலையங்களில் கைதானவர்கள் இருக்கிறார்கள். ஈட்ரெக்ஸ் போன்றவை சமிக்ஞையை வாங்க மட்டுமே செய்யும். செயற்கைக்கோளுக்கு எதையும் அனுப்பாது. மாடலின் பெயரை எழுதியே அனுப்பிவிடுங்கள்.

வெளியூர் ஒப்பீடுகளில் வராத ஒரு சங்கதி நம் பக்கத்துக்கு உண்டு. கையில் ஆண்டெனா மாதிரி ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டு வரப்பில் நடப்பவரை நம் விவசாயிகள் சும்மா விடமாட்டார்கள். விடவும் கூடாது. 2017-இல் நெடுவாசலும் கதிராமங்கலமும் கண்ட போராட்டங்களுக்குப் பிறகு, நிலத்தை அளக்க வந்திருக்கிறானோ, குழாய் பதிக்க வந்திருக்கிறானோ என்ற கேள்வி இயல்பானது. 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்துவிட்டாலும் அந்த விழிப்பு குறையவில்லை. “தம்பி, எந்த ஆபீஸிலிருந்து வருகிறீர்கள்?” என்று ஒருவர் களத்துமேட்டிலிருந்து கேட்டால், நின்று பதில் சொல்லுங்கள். “ஆபீஸ் இல்லை ஐயா, ஒளித்து வைத்த டப்பாவைத் தேடும் விளையாட்டு” என்று சொல்லிக் கருவியை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். சந்தேகம் தீர்ந்ததும் எந்த மதகு, எந்தப் படித்துறை என்று அவரே வழிகாட்டத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் அலைபேசிக்குத்தான் வெற்றி. அதைப் பார்த்து யாரும் எதுவும் கேட்பதில்லை. கல்லணை ஷட்டர்கள், ரயில் பாலங்கள், தொல்லியல் துறைக் கோயில்கள், கோடியக்கரைச் சரணாலயம் ஆகிய இடங்களில் எந்தக் கருவியோடும் துழாவ வேண்டாம். அங்கெல்லாம் அனுமதி பெற்ற பாதையிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆக, மாணவர்களும் இன்னும் முடிவு செய்யாதவர்களும் அலைபேசியும் சி:ஜியோவும் ஒரு பவர் பேங்கும் வைத்துத் தொடங்கட்டும். வார இறுதிகளில் தொடர்ந்து போகப்போகிறவர்கள் எஸ்இ வாங்கட்டும். அலைபேசியை வீட்டில் வைத்துவிட்டு நாள் முழுக்க நடக்க விரும்பும் பெரியவர்களுக்கு மட்டும் 22எக்ஸ். ஈட்ரெக்ஸ் 10-ஐப் புதிதாக வாங்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

கருவி கைக்கு வந்த வாரத்திலேயே, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், ஒரு சோதனை செய்துவிடுங்கள். வீட்டு மொட்டை மாடியின் ஒரு மூலையில் கருவியை வைத்து, வானத்தைப் பார்க்கும்படி பத்து நிமிடம் விட்டு, எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையிலும் மாலையிலும் அதே மூலையில் அதையே செய்யுங்கள். மூன்று முறையும் நிமிடத்தின் மூன்றாம் தசம இடத்தில் இரண்டு மூன்று எண்கள் மட்டுமே மாறியிருந்தால் கருவி சரியாக இருக்கிறது. பத்துக்கு மேல் மாறினால் அமைப்புகளை ஒருமுறை சரிபார்த்து மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் ரசீதோடு கடைக்குக் கொண்டுபோங்கள்.